படிக்கக் கற்போம்



சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் ஓர் ஆங்கில ஆராய்ச்சிக் கட்டுரையை விளக்கும் பணி எனக்கு வந்தது. எட்டுப் பக்கக் கட்டுரை. ஹப்சிகுடாவில் என் அறையில் அமர்ந்து, அகராதியும் கையுமாக, முதல் வரி தொடங்கிக் கடைசி வரிவரை மூன்று முறை படித்தேன். மறுநாள் பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இவர்கள் எதை அறியப் புறப்பட்டார்கள்?” என்னால் விடை கூற இயலவில்லை. சொற்களைப் படித்திருந்தேன்; கட்டுரையைப் படிக்கவில்லை.

தமிழ்வழியில் பயின்று இங்கு வந்த நம்மிற் பலருக்கு இவ்வனுபவம் புதிதன்று. நாள்தோறும் நாம் கடந்து செல்லும் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையமும், உயிரணு மூலக்கூறு உயிரியல் மையமும் நம் கனவுகள். அவற்றுக்கு வழிகாட்டும் சி.எஸ்.ஐ.ஆர். ‘நெட்’ தேர்வோ 3 மணி நேரம். வினாக்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. ஆதலால், “ஆராய்ச்சி நமக்கு ஏற்றதன்று” என்று சிலர் ஊர் திரும்ப எண்ணுகிறார்கள். நானும் எண்ணினேன். அது தவறான முடிவு.

அருகிலுள்ள உஸ்மானியா பல்கலைக்கழகத்தை எண்ணிப் பாருங்கள். 1918-இல் அது நிறுவப்பட்டபோது பயிற்றுமொழி உருது. அதற்கு முந்திய ஆண்டிலேயே மொழிபெயர்ப்புத் துறை ஒன்றை அமைத்து, பாடநூல்களை உருதுவில் ஆக்கத் தொடங்கினர். ஆயினும் ஆங்கிலத்தையும் கட்டாய பாடமாக வைத்தனர். நாட்டு மொழியில் விஞ்ஞானம் கற்றவன் ஆங்கில நூலையும் படிக்கக் கூடும் என்று அவர்கள் நம்பினார்கள். நாம் ஏன் நம்பக்கூடாது?

நாம் ‘ஒளிச்சேர்க்கை’ என்று கற்றதையே ஆங்கில நூல் ‘ஃபோட்டோசிந்தசிஸ்’ என்கிறது. பொருள் நம்மிடம் முன்பே இருக்கிறது; பெயர்தான் புதிது. நமக்குக் குறைவு அறிவன்று, பயிற்சியே. அப்பயிற்சிக்கு நான் கைக்கொண்ட முறை இது:

முதலாவது, வரிசை. ஆராய்ச்சிக் கட்டுரை கதையன்று. தலைப்பையும் சுருக்கத்தையும் முதலில் படியுங்கள். பிறகு முன்னுரையின் இறுதிப் பத்தி. நோக்கம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அடுத்து, படங்களும் அட்டவணைகளும். செய்முறைப் பகுதியைக் கடைசியில் பார்க்கலாம்.

இரண்டாவது, கேள்வி. அமெரிக்க உளவியலறிஞர் ராபின்சன் 1946-இல் வெளியிட்ட நூலில், படிக்குமுன் தலைப்புகளைக் கேள்விகளாக மாற்றிக்கொள்ளச் சொன்னார். விடை தேடிப் படிப்பவன் மனம் அலைவது குறைவு.

மூன்றாவது, அகராதி. முதல் வாசிப்பில் அதைத் தொடாதீர்கள். தெரியாத சொல்லைப் பென்சிலால் கோடிட்டு மேலே செல்லுங்கள். திரும்பத் திரும்ப வரும் சொற்களை மட்டும் பின்னர்ப் பார்த்து, தமிழ்ச் சொல்லோடு குறிப்பேட்டில் எழுதுங்கள்.

நான்காவது, மூடிவைத்து நினைவுகூர்தல். 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்னும் இருவர் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினர். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினர். மூன்று முறை படித்தும் நான் தோற்ற காரணம் இப்போது விளங்குகிறதன்றோ?

நாள்தோறும் அரைமணி நேரம் போதும். பத்து மாதங்களாக நான் இவ்வாறு செய்து வருகிறேன். முன்பு மூன்று நாள் எடுத்த கட்டுரை இன்று ஒரு மாலையில் முடிகிறது. ஆங்கிலம் எனக்கு இன்னும் எளிதாகிவிடவில்லை. அச்சம் மட்டும் போய்விட்டது.

நண்பர்களே, இன்றிரவே ஒரு கட்டுரையை எடுங்கள். படித்து முடித்ததும் அறைத் தோழரிடம் அதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். எங்கே நா தடுமாறுகிறதோ, அந்தப் பத்தியை மட்டும் மீண்டும் படியுங்கள். இருபத்து மூன்று வயதில் படிக்கக் கற்பது வெட்கமன்று. கற்காமல் ஊர் திரும்புவதுதான் வருத்தத்திற்குரியது.