கையெழுத்து மாறும் முன்னே

காசோலையில் உள்ள கையெழுத்து, வங்கியில் உள்ள மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துவராதபோது, அதை இட்ட விரல்களும் நம் கண்ணில் படுகின்றன. கணுக்கள் வீங்கி, பேனாவைப் பிடிக்கவே வருந்தும் விரல்கள். கேட்டால், "வயதாகிவிட்டதல்லவா" என்பதே பெரும்பாலும் விடை. அந்த விடை எப்போதும் சரியன்று.

தேய்மானத்தால் வரும் மூட்டுவலி, வேலை செய்தால் கூடும், ஓய்வில் தணியும். முடக்குவாதம் வேறு வகை. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டின் உட்சவ்வைத் தாக்கி அழற்சியை உண்டாக்குகிறது. காலையில் எழுந்தபின் அரைமணி நேரத்திற்கு மேல் விரல்கள் விறைத்திருத்தல், இரு கைகளிலும் சிறு மூட்டுகள் வீங்குதல், இவை 6 வாரங்களைக் கடந்தும் நீடித்தல் ஆகியன இதன் அறிகுறிகள். இது நடுத்தர வயதிலும் வரும். பெண்களையே மிகுதியாகப் பற்றும்.

கோலார் தங்கவயலில் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. ஆனால் பாறையைத் துளைத்தபோது சுவாசித்த சிலிக்கா தூசியின் விளைவு உடலில் தொடரக்கூடும். தூசியால் நுரையீரல் கெட்ட வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் சிலருக்கு முடக்குவாதமும் சேர்ந்திருந்ததை மருத்துவர் கேப்லன் 1953இல் எடுத்துரைத்தார். சிலிக்கா தூசி இந்நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது என்றும், புகைப்பழக்கம் சேர்ந்தால் அது மேலும் கூடுகிறது என்றும் பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே, சுரங்கத்தில் பணியாற்றியவர்கள் அதனை மருத்துவரிடம் தவறாமல் கூறுதல் நலம்.

வலி மாத்திரை வலியை அடக்கும். மூட்டின் அழிவைத் தடுக்காது. அதைத் தடுக்கும் மருந்துகளுள் முதன்மையானது மெத்தோட்ரெக்சேட். முடக்குவாதத்திற்கு இதனை வாரத்தில் ஒரே நாள்தான் உட்கொள்ள வேண்டும். நாள்தோறும் உட்கொண்டால் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். எனவே அந்தக் கிழமையை நாட்காட்டியில் குறித்து, வீட்டில் ஒருவருக்கும் சொல்லி வையுங்கள். மருந்தின் பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும், அதற்குள் நிறுத்திவிடலாகாது. மருத்துவர் கூறும் ஃபோலிக் அமில மாத்திரையும், இரத்தப் பரிசோதனையும் இன்றியமையாதவை. மதுவைத் தவிர்க்க வேண்டும். மகப்பேற்றை எதிர்நோக்குவோர் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

விடியற்காலை மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோருக்கு ஒரு நாள் கூலியை இழப்பது எளிதன்று. அதை நாம் அறிவோம். ஆயினும் ஒருமுறை அரிக்கப்பட்ட எலும்பு பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. தொடக்க மாதங்களிலேயே வாத நோய் வல்லுநரைக் கண்டால், கையின் வலிமையையும் அதனால் ஈட்டும் வருவாயையும் காத்துக்கொள்ளலாம்.

கையொப்பமிட இயலாத நிலை வந்துவிட்டவர்களும் கலங்க வேண்டியதில்லை. வங்கி அறிந்த இரு சாட்சிகள், அவர்களுள் ஒருவர் வங்கி அலுவலர், முன்னிலையில் பெருவிரல் ரேகையிட்டுப் பணம் பெற ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள் இடமளிக்கின்றன. தயங்காமல் கிளையில் கேளுங்கள். ஆயினும் அந்நிலை வராமல் காப்பதே நம் விருப்பம்.