ஏர் பில்லை முதலில் கேளுங்கள்

பின்னலாடைக் கம்பெனிக்குக் கடன் கொடுக்கலாமா என்று பார்க்க வங்கிகளிலிருந்து திருப்பூருக்கு வரும் புதுப் பிள்ளைகள் பேலன்ஸ் ஷீட்டை நன்றாகவே படிக்கிறார்கள். நூல் வாங்குவது முதல் பெட்டி கப்பலேறுவது வரை சரக்கு போகிற வழி கம்பெனிக்குச் சம்பாதித்துக் கொடுக்கிறதா, சம்பாதித்ததைத் தின்கிறதா என்று கேட்டால்தான் விழிக்கிறார்கள். அவர்களுக்காக இவை.

1. ஏர் பில்லை, அதாவது விமான வாடகை பில்லைக் கேளுங்கள். இங்கே ஏற்றுமதி பெரும்பாலும் எஃப்ஓபி விலையில் நடக்கிறது. கப்பலில் ஏற்றியதோடு கம்பெனியின் செலவு முடிந்தது, கடல் வாடகை பையருடையது. ஆனால் சொன்ன தேதிக்குச் சரக்கு தயாராகவில்லை என்றால் பையர் ஏரில் அனுப்பச் சொல்வார், அந்த வாடகை கம்பெனியின் தலையில் விழும். ஒரு பீஸில் நிற்கிற லாபத்தை விமான வாடகை எளிதாகத் தாண்டிவிடும். கணக்கில் இது சரக்குக் கட்டணம் என்ற ஒற்றை வரிக்குள் ஒளிந்திருக்கும், பிரித்துக் கேளுங்கள். தாமதத்துக்காகப் பையர் பிடித்துக்கொண்ட தள்ளுபடியையும் சேர்த்து மூன்று வருடத்துக்கு வாங்குங்கள். எப்போதோ ஒருமுறை வந்திருந்தால் போகட்டும். சீசனுக்குச் சீசன் வந்திருந்தால், அந்தக் கம்பெனி வேலை செய்கிற முறையே அதுதான்.

2. சரக்கு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சாதாரண டி-ஷர்ட்டைத் தைக்கச் சில நிமிடம் போதும். ஆர்டர் முடிய இரண்டு மூன்று மாதம் ஆகிறது. மிச்ச நேரமெல்லாம் துணி எங்கேயோ காத்துக் கிடக்கிறது. "எங்கே இருக்கு?" என்றால் "டையிங்ல இருக்குங்க" என்பார்கள். நம்புங்கள், ஆனால் கட்டிங் ஹாலுக்கும் போய்ப் பாருங்கள். வெட்டிக் கட்டிய பன்டில்கள் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீட்டு, அதில் லாட் நம்பரும் வெட்டிய தேதியும். தேதி பழையதென்றால் ஏன் தைக்கவில்லை என்று கேளுங்கள். காலர் ரிப் வந்திருக்காது. அல்லது உடம்புத் துணி ஒரு லாட்டிலும் ரிப் வேறொரு லாட்டிலும் சாயமேறி ஷேடு ஒத்துப்போகாமல் இருக்கும். சில கிலோ ரிப்புக்காக டன் கணக்கில் துணி நிற்கும் கம்பெனிகள் உண்டு. அங்கே மெஷின் குறைவு என்று புது மெஷினுக்குக் கடன் கேட்பார்கள், அதுதான் வேடிக்கை.

இதைப் பணமாக்கிப் பார்ப்பது சுலபம். வருடத்துக்கு உற்பத்திச் செலவு 36.5 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள், நாளொன்றுக்குப் பத்து லட்சம். கையிருப்புச் சரக்கு ஒன்பது கோடி என்றால் 90 நாள். அதில் 30 நாளைக் குறைத்தால் மூன்று கோடி வெளியே வரும். பத்து சதவீத வட்டியில் வருடத்துக்கு 30 லட்சம் மிச்சம். நூல், பாதி வேலை முடிந்த சரக்கு, பெட்டியில் போட்ட சரக்கு என மூன்றாகப் பிரித்தே நாள் கணக்குப் போடுங்கள். வியாதி பெரும்பாலும் நடுவில் உள்ளதில்தான் இருக்கும்.

3. கடன்காரர்களுக்குத் தாமதமாகக் கொடுப்பதைச் சாமர்த்தியம் என்று எழுதிவிடாதீர்கள். ஜாப் ஒர்க்காகச் சாயமேற்றிக் கொடுக்கிறவருக்கு 120 நாள் கழித்துப் பணம் கொடுக்கும் கம்பெனியின் விகிதங்கள் காகிதத்தில் அழகாக இருக்கும். தீபாவளிக்கு முன்னால் எல்லாருக்கும் அவசரம் வரும்போது அந்த டையிங்காரர் யாருடைய துணியை முதலில் மெஷினில் போடுவார்? அங்கே போன தாமதம் இங்கே ஏர் பில்லாகத் திரும்பி வரும். தவிர, 2023-இல் வருமான வரிச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தப்படி, குறு, சிறு தொழில்களுக்குக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையைக் கொடுத்த வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சக் கெடு 45 நாள்.

4. எந்தக் கண்ணி அறுந்தால் எல்லாம் நிற்கும் என்று கண்டுபிடியுங்கள். திருப்பூரில் அது சாயம். 2011 ஜனவரியில், கழிவுநீரை முழுதாகச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நொய்யல் ஆறு பல வருடமாகச் சாயத்தில் ஓடிய பிறகு வந்த உத்தரவு அது, அதில் அநியாயம் எதுவும் இல்லை. நூல் இருந்தது, தையல்காரர் இருந்தார், ஆர்டரும் இருந்தது. துணியை மட்டும் வெளியூர் அனுப்பிச் சாயமேற்ற வேண்டிவந்தது. ஆகவே டையிங் யாரிடம், ஒருவரிடமா இருவரிடமா, அவருடைய சுத்திகரிப்பு எப்படி ஓடுகிறது என்று கேளுங்கள். முடிந்தால் நேரில் போங்கள்.

5. விலை பேசிய நாளுக்கும் நூல் வாங்கிய நாளுக்கும் இடைவெளி என்ன? 2022 மே மாதத்தில் ஒரு கண்டி பஞ்சு, அதாவது 356 கிலோ, ஒரு லட்ச ரூபாயைத் தொட்டது. டாலரில் விலை ஒப்புக்கொண்டு நூலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தவர்கள் கைக்காசைப் போட்டு ஆர்டரை முடித்தார்கள். ஆர்டர் உறுதியான அன்றே நூலை புக் செய்கிற பழக்கம் உண்டா என்று பத்து ஆர்டரை எடுத்துத் தேதி ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

6. சரக்கே வைத்துக்கொள்ளாதவரைக் கெட்டிக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். 1997 பிப்ரவரியில் ஐசின் நிறுவனத்தின் ஆலை ஒன்று எரிந்தபோது, பிரேக்கில் பயன்படும் சின்ன வால்வு கிடைக்காமல் ஜப்பானில் டொயோட்டாவின் ஆலைகள் சில நாளில் நின்றன. கையிருப்பு அவ்வளவு குறைவு. அவை சீக்கிரமே மீண்டும் ஓடியதற்குக் காரணம், மற்ற சப்ளையர்கள் ஓடிவந்து அந்த வால்வைச் செய்து கொடுத்தது. மூன்றாவதாகச் சொன்னதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

7. துறைமுகத்துக்கு அப்பாலும் பாருங்கள். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு போய்ப் பெரிய கப்பலேறும் பெட்டிகள், 2023 கடைசியில் செங்கடல் வழி ஆபத்தானதும் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. ஒரே நாட்டுக்கு, ஒரே பையருக்கு எவ்வளவு போகிறது என்று ஒரு வரியில் குறித்துக்கொண்டால் போதும்.

8. முதலாளியோடு காபி குடித்துவிட்டு வந்துவிடாதீர்கள். கட்டிங் மாஸ்டர், மெர்ச்சன்டைசர், டெலிவரி சலானோடு வேன் ஓட்டும் பையன், இவர்களிடம்தான் விவரம் இருக்கிறது. கடைசியாக எதற்காகக் காத்திருந்தீர்கள் என்று மூவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். மூவரும் ஒரே பதிலைச் சொன்னால் அதை அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். சனிக்கிழமை மட்டும் போக வேண்டாம். அன்று சம்பள நாள், ஒருவரும் உட்கார்ந்து பேச மாட்டார்.