பட்டினியும் கஞ்சியும்: மேற்குச் சென்னைப் புறநகர் வழக்காறுகளில் நோயுற்றோர் உணவு

முன்னுரை

நோயுற்றவர் எதை உண்ணலாம், எதை விலக்க வேண்டும், எப்போது மீண்டும் உண்ணத் தொடங்கலாம் என்பன பற்றிய மக்கள் அறிவு பழமொழியாகவும் அடுக்களை வழக்கமாகவும் வழங்கிவருகிறது. அதில் பெரிதும் எடுத்தாளப்படுவது ‘லங்கணம் பரம ஔஷதம்’ என்னும் தொடர். இது வடமொழித் தொடராயினும் தமிழ்ப் பேச்சில் பழமொழியாகவே நிலைத்துவிட்டது. இதனை மட்டும் கொண்டு, நோயில் பட்டினி கிடப்பதே மரபு என்று கருதுவோர் உளர். அக்கருத்து முழுமையானதன்று. பழமொழி கூறாத பலவற்றை அடுக்களை வழக்கம் கூறுகிறது என்பதை அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டார வாழ்வை முன்னிறுத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

லங்கணம்: பொருட்சுருக்கம்

சரக சங்கிதை, உடலுக்கு இலேசான தன்மையைத் தருவன அனைத்தையும் லங்கணம் என்று கொண்டு, அதனைப் பத்து வகையாகப் பகுக்கிறது. உண்ணாதிருத்தல் அவற்றுள் ஒன்று மட்டுமே. சுரத்திற்கான மருத்துவத்தில் லங்கணத்துடன் கஞ்சியையும் அந்நூல் விதிக்கிறது. தமிழ் வழக்கிலோ அச்சொல் பட்டினி என்னும் ஒரு பொருளுக்குச் சுருங்கிவிட்டது. அதனைத் தொடர்ந்து வர வேண்டிய கஞ்சியும் பழமொழியில் இடம்பெறவில்லை.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம், முன் உண்டது செரித்ததை அறிந்து, பசித்தபின், ஒவ்வாதன நீக்கி, அளவறிந்து உண்ணுமாறு வலியுறுத்துகிறது. அங்குப் பேசப்படுவது அளவேயன்றி முழுப் பட்டினியன்று. சளிக்கு உணவூட்டுக, காய்ச்சலைப் பட்டினியிடுக என்று நோயின் வகையால் பிரிக்கும் ஆங்கிலப் பழமொழியும் ஒப்புநோக்கத்தக்கது. தமிழ் அடுக்களை அவ்வாறு பிரிப்பதில்லை. சளிக்கும் காய்ச்சலுக்கும் மிளகு ரசமே முன்வந்து நிற்கிறது. இங்கு நோயின் வகையினும் நோயாளியின் பசியே உணவைத் தீர்மானிக்கிறது.

அடுக்களையின் படிமுறை

காய்ச்சலுற்றவருக்கு முதலில் வெந்நீரும் சுக்குக் கஷாயமும், பின்னர் உப்பிட்ட நொய்க்கஞ்சியும், அதன்பின் குழைந்த சோற்றுடன் மிளகு ரசமும், அடுத்து இட்லியும் தரப்படும். ‘நாக்குச் செத்துப்போச்சு’ என்று நோயாளி கூறும் நிலையில் நார்த்தங்காய் ஊறுகாயும் சுட்ட அப்பளமும் துணைக்கு வரும். எண்ணெய்ப் பண்டமும் புலாலும் இறுதியிலேயே இலைக்குத் திரும்பும். இவ்வரிசையில் பட்டினி ஒரு வாயில் மட்டுமே. அதைக் கடந்து செல்வதே நோக்கம். சித்த மருத்துவம் மருந்துண்ணும் காலத்துக்குப் பத்தியத்தையும், அது முடிந்த பின்னும் தொடரும் காலத்துக்கு மறுபத்தியத்தையும் வகுத்திருப்பது இப்படிமுறையோடு ஒத்துச் செல்கிறது.

அம்மைப் பத்தியம்

பூவிருந்தவல்லியை அடுத்த திருவேற்காட்டில் தேவி கருமாரியம்மன் கோயில் அமைந்துள்ளது. ஆடி மாதத்தில் அம்மனுக்குக் கூழ் வார்த்தல் இவ்வட்டாரத்தின் பெருவழக்கு. அம்மை கண்ட வீட்டில் தாளிப்பு நிறுத்தப்படும். வறுவலும் புலாலும் விலக்கப்படும். கூழ், மோர், இளநீர் முதலிய குளிர்ச்சியானவை தரப்படும். வேப்பிலையும் மஞ்சளும் இட்ட நீரை முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் என முறையாகத் தலைக்கு ஊற்றிய பின்னரே வீடு வழக்கமான சமையலுக்குத் திரும்பும். இங்கும் விலக்கு உண்டு, அவ்விலக்கிற்கு முடிவு நாளும் உண்டு. ஆனால் பட்டினி இல்லை. பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்துவிட்டதாக 1980இல் அறிவிக்கப்பட்ட பின்னும் சின்னம்மைக்கு இவ்விதிகள் தொடர்கின்றன.

புறநகர் வாழ்வும் அறுபட்ட தொடரும்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் தொடங்கப்பட்டது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அதே பத்தாண்டில் உருவானது. வெளி மாவட்டங்களிலிருந்து வந்து வாடகை அறைகளில் தங்கி, முறைப்பணியில் உழைப்போருக்குக் காய்ச்சல் கண்டால் கஞ்சி காய்ச்சித் தர அருகில் ஆளில்லாத நிலை நேர்கிறது. அவ்விடத்தை பேக்கரி ரொட்டியும் பிஸ்கட்டும் நிரப்புகின்றன; நோயாளியைக் காண வருவோர் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் ஏந்தி வருகின்றனர். ‘லங்கணம்’ என்னும் சொல் எளிதில் இடம்பெயர்ந்து விடுகிறது. அதன் அளவை அறிந்த கைகள் உடன் வருவதில்லை.

வரம்பு அறியாமையின் விளைவு

இவ்வறுபடல் உயிரோடு தொடர்புடையது. பேதியாகும் குழந்தைக்கு உணவையும் நீரையும் நிறுத்துவது நீரிழப்பைக் கடுமையாக்கும். தாய்ப்பாலையும் உணவையும் தொடர்ந்து தருவதும், உப்புச் சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மருந்தும் அளிப்பதுமே உலக சுகாதார நிறுவனத்தின் நெறி. அரிசியை அடிப்படையாகக் கொண்ட கரைசல், காலராவில் வயிற்றுப்போக்கின் அளவைக் குறைப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கஞ்சியைத் தேர்ந்த பாட்டியின் அறிவுக்கு இது ஒருவகையில் சான்றாகிறது. எனினும் வீட்டுக்கஞ்சியில் உப்பின் அளவு கைக்குக் கை வேறுபடுவதால், அளவிட்ட கரைசலுக்கு அது முழு மாற்றாகாது. நீரிழிவுக்கு இன்சுலின் செலுத்திக்கொள்வோர் பட்டினி கிடப்பின் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். மஞ்சள் காமாலையில் நெடுநாள் கடும்பத்தியம் காப்பது, ஊட்டம் வேண்டிய உடலை மேலும் மெலிவிக்கும்.

முடிவுரை

நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுபவர் என மருத்துவத்தை நான்கு கூறாக்கும் வள்ளுவர், பேணுபவரை உழைச்செல்வான் என்கிறார். நோய்க்கால உணவு பற்றிய மக்கள் அறிவு அந்நான்காமவரிடமே பெரிதும் தங்கியுள்ளது. பழமொழித் தொகுப்புகள் சொல்லைப் பாதுகாத்தன. அச்சொல் யாருக்கு, எந்நோயில், எத்தனை வேளைக்கு உரியது என்பதை அடுக்களையே அறிந்திருந்தது. எனவே வழக்காற்றுச் சேகரிப்பாளர் பழமொழியைப் பதிவு செய்யும்போது அதன் பின் வரும் கஞ்சியையும், அதைக் காய்ச்சுபவர் கூறும் வரம்பையும் சேர்த்தே பதிவு செய்தல் வேண்டும். வரம்பின்றிப் பதிவாகும் பழமொழி, பாதி மருந்தாகவே எஞ்சும்.