பத்தனைப் புல்வெளியும் பறவை காண்டலும்

கிறித்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்திலே, அதுவரை செவிவழியாகவே பேணப்பட்டு வந்த பௌத்த திரிபிடகம் அலுவிகாரைக் குகைகளில் ஏட்டில் எழுதப்பெற்றது என்பது மரபு. கேட்டதை எழுதி வைத்த பெருமை நம் அயலூராகிய அலுவிகாரைக்கு உரியது. அவ்வூருக்குக் கிழக்கே தும்பறை மலைத்தொடர் நீண்டு கிடக்கின்றது. அம்மலைகளிலுள்ள புல்வெளிகளையும் அவற்றின் உயிர்களையும் பற்றி நம்மவர் எழுதி வைத்தது மிகச் சிறிதே. ஆதலின், அப்புல்வெளிகள் யாவை, ஆங்கு வாழ்வன யாவை, அவற்றைக் காணும் முறை யாது, அவற்றுக்கு நேரும் இடர் யாது என்னும் நான்கனையும் இக்கட்டுரையில் முறையே ஆராய்வோம்.

பத்தனை என்பது யாது?

மலைநாட்டுப் புல்வெளியை நம்மவர் பத்தனை என வழங்குவர். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1500 மீற்றருக்குக் கீழே அமைந்தது வறட்பத்தனை. அதற்கு மேலே அமைந்தது ஈரப்பத்தனை. தோட்டத்தார் மானா என்று கூறும் மணமுள்ள புல்லே வறட்பத்தனையில் மிக்கு வளர்வது. ஈரப்பத்தனைக்கு ஹோட்டன் சமவெளி தக்க எடுத்துக்காட்டாகும். மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாகச் சென்று, காற்று ஓயாத றிவஸ்டன் கணவாயைக் கடந்து இலுக்கும்புறை நோக்கி இறங்குவோர் பிட்டவலைப் பத்தனையைக் காண்பர். அங்கே பாறைத்தளத்தின்மேல் மெல்லிய மண் படிந்துள்ளது; அம்மண்ணிலே குட்டையான புல் வளர்ந்துள்ளது.

இத்தகைய நிலத்தைத் தரிசு என்று கருதும் வழக்கம் பழையது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பயிரிடப்படாத நிலத்தையும் தரிசையும் காட்டையும் முடிக்குரியனவாகக் கொண்டது. கோப்பித் தோட்டத் துரைமார் காட்டின் வளமான மண்ணையே நாடினர். பத்தனையைப் பயனற்றதென விலக்கினர். பயிருக்குப் பயனற்றது உயிருக்கும் பயனற்றது என்னும் எண்ணம் அன்று தோன்றி இன்றும் நம்மிடையே நிற்கின்றது. அவ்வெண்ணம் பிழையென்பதைக் கீழ்வருவன காட்டும்.

ஆங்கு வாழ்வன

புல்வெளிப் பறவைகளுட் பல, மரத்தில் வாழ இயலாதன. நெட்டைக்காலி நிலத்திலே ஓடி இரைதேடி, நிலத்திலேயே கூடு கட்டும். அதன் மேனியிலுள்ள கபில நிறக் கீற்றுகள் காய்ந்த புல்லோடு ஒன்றி அதனை மறைக்கும். தினைக்குருவிகள் புல்லாலே பந்து போன்ற கூடு அமைக்கும். பின்விரலற்ற சிறு காடையொன்று உண்டு; அதன் பெண்ணே பருமனிலும் நிறத்திலும் சிறந்தது. பெண் கூவி அழைத்து முட்டையிட்டு அகல, ஆணே அடைகாத்துக் குஞ்சுகளைப் பேணும். காட்டோரங்களிலே தேசியப் பறவையாகிய காட்டுக்கோழி வெளிவந்து மேயும். கருங்கழுகு சிறகசையாது மலைச்சரிவை ஒட்டி மிதந்து செல்லும்.

பறவையோடு நில்லாது, பாறையிற் கசியும் நீரையும் நோக்குதல் வேண்டும். தும்பறை மலைகளிலன்றி உலகில் வேறெங்குமில்லாத பாறைத்தவளை இனம் ஒன்று அந்நீரை நம்பியே வாழ்கின்றது. அதன் வாற்பேய்கள் குளத்தில் நீந்துவனவல்ல. நனைந்த பாறையின்மேல் ஒட்டி வளர்வன.

பெருவிலங்குகளைக் காண விரும்புவோர் தாழ்நிலப் புல்வெளிகளை நாடலாம். 1984இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட வஸ்கமுவை நம் மாவட்டத்தையும் தொட்டுக் கிடக்கின்றது. அயல் மாவட்டத்திலே, மகாசேன மன்னன் கட்டிய மின்னேரிக் குளத்தில், கோடையில் நீர் வற்றும்போது குளப்படுகையிற் பசும்புல் முளைக்கும். அதனை நாடி நூற்றுக்கணக்கான யானைகள் கூடும்.

காணும் முறை

விடியற்காலையே சிறந்த வேளை. வெயில் ஏறியபின் பறவைகள் அடங்கிவிடும். செப்டெம்பர் முதல் ஏப்பிரல் வரை வடபுல வலசைப் பறவைகளும் இங்கு உண்டு. ஞாயிறு முதுகுப்புறமாக நிற்கவேண்டும். வெள்ளாடை தவிர்க்கவேண்டும். கூடுகள் தரையிலிருத்தலின், பலர் சென்றால் ஒருவர் பின் ஒருவராக வழித்தடத்திலேயே நடத்தல் முறை.

புல்வெளிப் பறவைகள் நிறத்தாலே தம்முள் ஒத்தன. ஆதலின் நிறத்தை இறுதியிலே நோக்குக. முதலிற் பருமன், அடுத்து நடை, பின்னர்ப் பறக்கும் விதம், குரல் என்பனவே அடையாளம். வாலை ஆட்டி நடந்து, பறக்கையில் வாலின் இருமருங்கும் வெண்மை காட்டுவது நெட்டைக்காலி. மேலெழுந்து பாடிச் சிறகு விரித்து மெல்ல இறங்குவது வானம்பாடி. வளைந்து வளைந்து பறந்து தத்துந்தோறும் 'சிட்' என ஒலிப்பது விசிறிவாற் கதிர்க்குருவி. 1955இல் வெளிவந்த ஹென்றி என்பாரின் இலங்கைப் பறவை நூல் இத்தகைய நுட்பங்களை அறியத் துணைபுரியும்.

நேரும் இடர்

கால்நடைக்கு இளம்புல் வேண்டியும் வேட்டைக்காகவும் வறட்காலத்தில் இடப்படும் தீ முதலாவது. கூடும் குஞ்சும் எரிவதோடு, அடுத்த மழையில் அம்மெல்லிய மண்ணும் கழுவுண்டு போகும். இரண்டாவது, வெறுநிலத்தைப் பசுமையாக்குவதாக எண்ணி மரம் நடுதல். மலைநாட்டுப் பத்தனைகள் பலவற்றிற் பைன் மரம் நடப்பட்டது. அதன் நிழலிலே புல் மாய்ந்தது. புல்லை நம்பிய பறவை அகன்றது. மரம் நடுதல் நற்செயலே; எனினும் அதற்குரிய இடமறிந்து நடுதலே அறிவுடைமை. மூன்றாவது, நீர்நிலை மாற்றம். மொறகஹகந்தை நீர்த்தேக்கத்திலிருந்து வரும் நீரால் மின்னேரிக் குளம் கோடையிலும் நிறைந்திருக்குமாயின், புல் முளைக்க இடமிராது. யானைகள் கூடுதல் குறையுமென்பது ஆராய்வோர் கவலை. உழவர்க்கும் நீர் வேண்டும். யானைக்கும் புல் வேண்டும். இரண்டனையும் ஒருங்கே எண்ணுவதே இன்றைய கடன்.

அமெரிக்க நாட்டின் பிரேரிப் புல்வெளி இதற்கு ஒப்புநோக்கத் தக்கது. பத்தனை மண் வறியதென்று இகழப்பட்டது. பிரேரி மண்ணோ மிக வளமானதென்றே உழப்பட்டது. முன்பு பரந்து கிடந்த நெடும்புற் பிரேரியில் இன்று எஞ்சியது நூற்றுக்கு நான்கு பங்கிலும் குறைவு. கன்சாஸ் மாநிலத்தில், கல் மிகுந்து ஏர் நுழையாத குன்றுகளிலே எஞ்சிய பகுதியில் 1996இல் ஒரு காப்பகம் அமைத்தனர். 2009இல் காட்டெருமைகளை மீண்டும் கொணர்ந்து விட்டனர். இழந்தபின் மீட்பது எத்துணை அரிது என்பதை இது காட்டும்.

நமக்கோ இன்னும் காலம் உண்டு. தும்பறை மலைகள் 2000ஆம் ஆண்டிற் பேணற்காடாகப் பிரகடனம் செய்யப்பட்டன. 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தன. ஆயினும் சட்டம் காவலுக்கே உதவும். எது உள்ளது, எது குறைந்தது என்பதைக் கண்டு சொல்லுவோர் வேண்டும். ஆகவே மாணவர் ஒவ்வொருவரும் குறிப்பேடு ஒன்று வைத்து, நாள், வேளை, இடம், கண்ட பறவை, அதன் தொகை என்னும் ஐந்தனையும் எழுதுவாராக. ஐயமுற்றதை ஐயம் என்றே குறிப்பாராக. ஆசிரியர் அவற்றைத் திரட்டிக் கல்லூரி நூலகத்திற் சேர்ப்பாராக. பழைய மாணவர் தம் இளமையிற் கண்டவற்றையும் எழுதி அனுப்புவாராக. அடுத்த விழா மலர் வெளிவரும் காலத்தில், பத்தனை வளர்ந்ததா தேய்ந்ததா என்பதை அவ்வேடுகளே நமக்குக் கூறும்.