ராஜாவுக்குக் கீமோ தாங்குமா?

எங்கள் எட்டு வயது லேப்ரடார் ராஜாவுக்கு லிம்போமா என்கிறார்கள். வீட்டருகே இருக்கும் மஜும்தார் ஷா புற்றுநோய் மையத்தில் காட்டலாமா? கீமோ அவனை வதைத்துவிடுமா?
– வாசகி, பொம்மசந்திரா

அது மனிதர்களுக்கான மருத்துவமனை, அம்மா. ராஜாவை ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போங்கள். ஊரின் மறுகோடிதான்; ஆனாலும் போங்கள்.

அதற்குமுன் யாராவது ஸ்டீராய்டு மாத்திரை எழுதித் தந்தால், கீமோ தொடங்கும்வரை தள்ளிப்போட முடியுமா என்று கேளுங்கள். கட்டி சட்டென்று வற்றும், மனசும் குளிரும். ஆனால் பிறகு கொடுக்கும் கீமோவுக்கு நோய் சரியாக மசியாது. ஏற்கெனவே கொடுத்துவந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

லிம்போமா பி செல் வகையா, டி செல் வகையா என்று பார்க்கச் சொல்லுங்கள். பி என்றால் நம்பிக்கை கூடுதல். சிகிச்சையே இல்லாவிட்டால் பெரும்பாலும் ஓரிரு மாதம்தான். பல மருந்துகள் சேர்ந்த கீமோவில் ஏறக்குறைய ஓராண்டு வாழும் நாய்கள் நிறைய.

வதைக்குமா என்று பயப்படாதீர்கள். நாய்களுக்கு மருந்தின் அளவே குறைவு. நல்லபடி வாழவைப்பதுதான் நோக்கம். லேப்ரடாருக்குப் பொதுவாக முடி கொட்டாது. ஊசி போட்டபின் இரண்டொரு நாள் வாந்தியோ பேதியோ வரலாம், மாத்திரையில் அடங்கும். காய்ச்சலடித்துச் சோர்ந்து படுத்தால் மட்டும் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஊசி போட்டபின் சில நாட்களுக்கு அவன் மூத்திரம், மலத்தைக் கையுறை போட்டு அள்ளுங்கள்.