கார் நிறுத்தும் இடத்தில் முதலீடா?

ஹாங்காங்கில் 2021-ல் ஒரே ஒரு கார் நிறுத்துமிடம் ஒரு கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் விலை போனது. அதைப் படித்துவிட்டு, 'சென்னையில் நாலு பார்க்கிங் வாங்கிப் போட்டால் வாடகை வருமே' என்று கணக்குப் போடுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

2016-ம் ஆண்டு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி, அடுக்குமாடிக் குடியிருப்பின் திறந்தவெளி பார்க்கிங் குடியிருப்போர் அனைவருக்கும் பொதுவான இடம். கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு இடையே இருக்கும் ஸ்டில்ட் பார்க்கிங்கைத் தனிச் சொத்தாக பில்டர் விற்க முடியாது என்று, மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லியிருக்கிறது. ஆகவே 'பார்க்கிங் தனி, வீடு தனி' என்று யாராவது வெறும் ரசீதை நீட்டினால் பணத்தை எடுக்காதீர்கள்.

வீட்டோடு சேர்த்து வாங்கும்போது, மூடிய பார்க்கிங்கின் எண், அளவு, வரைபடம் மூன்றும் விற்பனை ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். வாய்ப்பேச்சு எடுபடாது. பிறகு உங்கள் காரையே கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள். காகிதத்தில் இரண்டரை மீட்டர் அகலம் இருக்கும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் இடிக்கும்! தலைக்கு மேல் கழிவுநீர்க் குழாய் போகிறதா, மழைநீர் தேங்குமா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

வெளியாட்களுக்கு வாடகைக்கு விடும் எண்ணமிருந்தால் அசோசியேஷன் விதிகளை முன்கூட்டியே வாங்கிப் படியுங்கள். பல இடங்களில் அதற்கு அனுமதி கிடையாது.