படகுக்கு கார் காபரேட்டர் விற்கலாமா?

இரண்டு உதிரிப்பாகங்கள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தால் வாடிக்கையாளர் மலிவானதையே கேட்பார். பழைய நீர்ச்சறுக்குப் படகின் காபரேட்டர் விடயத்தில் இது ஆபத்தானது.

1980களில் அமெரிக்காவில் தயாரான இத்தகைய படகுகள் பலவற்றில் போர்ட் 351 கன அங்குல என்ஜினும் ஹொலி 4160 காபரேட்டரும் பொருத்தப்பட்டன. கார்களுக்கும் ஹொலி 4160 உண்டு. அப்படியானால் வித்தியாசம் என்ன?

கார் காபரேட்டரில் பெற்றோல் நிரம்பி வழிந்தால் வெளியே சிந்தும். ஆவியைக் காற்று கொண்டுபோய்விடும். படகிலோ என்ஜின் மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, அடித்தளத்திலேயே தங்கி நிற்கும். ஸ்டார்ட் செய்யும்போது ஒரு தீப்பொறி போதும், படகே வெடித்துவிடும். ஆகவேதான் படகு காபரேட்டரின் மேற்பக்கக் காற்றுக் குழாய்கள் 'ஜே' எழுத்துப்போல வளைந்து, வழியும் பெற்றோலை என்ஜினுக்குள்ளேயே விடுகின்றன. வாங்குமுன் அந்த வளைவைப் பாருங்கள். பொறித்துள்ள 'லிஸ்ட்' இலக்கத்தையும் பழையதோடு ஒப்பிடுங்கள். வாடிக்கையாளர் கார் காபரேட்டர்தான் வேண்டுமென்று நின்றால், நானென்றால் விற்கமாட்டேன்.

"பெரியது போட்டால் வேகம் கூடும்" என்பாரும் உண்டு. 351 என்ஜின் நிமிடத்துக்கு 4500 சுற்றில் ஓடும்போது உறிஞ்சக்கூடியது, கணக்குப்படி, சுமார் 457 கன அடிக் காற்றுத்தான். அதற்கு 600 கன அடி காபரேட்டர் தாராளம். 750க்குக் கொடுக்கும் பணம் வீண்.

இவ்வளவுக்கும் முன்னர் பெற்றோல் வடியைக் கழற்றிப் பாருங்கள். அது அடைபட்டிருந்தாலும் என்ஜின் இதேபோலத்தான் திணறும்; செலவு மிகச் சொற்பம்.